பலகை விளையாட்டும் பரிசும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிதவியல் மாணவி ஒருவர்)

முன்னுரை

"விளையாட்டு வினையாகும்" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. எங்கள் வீட்டில் இந்தப் பழமொழியைக் கேட்காமல் நான் ஒரு கோடை விடுமுறையைக்கூடக் கழித்ததில்லை. திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டுத் தாயம் ஆட உட்கார்ந்தால், "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிப் பாட்டி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் கட்டத்தை அழித்துவிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே என் நேரம் எனக்கு மட்டும் உரியதன்று. வீட்டார் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. அதை விளையாட்டில் செலவிடுகிறேன் என்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு உண்டு. இக்கட்டுரை அந்தக் காரணத்தைச் சொல்லும் ஒரு சிறு முயற்சியே.

சென்ற ஆண்டு எங்களுக்கு நிகழ்தகவுப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருநாள் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வகுப்புக்கு வந்தார். பெட்டியின் முகப்பில் 'கட்டான்' என்ற விளையாட்டின் பெயர் இருந்தது. அதனுடன் 'கிளவுஸ் டாய்பர்' என்று ஓர் ஆளின் பெயரும் இருந்தது. "கம்பெனி முதலாளியின் பெயர் போலும்" என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா கொத்தனார். முப்பது ஆண்டுகளாக வீடு கட்டி வருகிறார். அவர் கட்டிய வீடுகளின் முகப்பில் சலவைக்கல்லில் ஒரு பெயர் இருக்கும். அது வீட்டுக்காரரின் பெயர். அல்லது அவர் பெற்றோரின் பெயர். கட்டியவரின் பெயரை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. எனவே பொருளின் மேல் எழுதியிருப்பது உடையவர் பெயர்தான் என்பது என் எண்ணம்.

பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "இல்லையம்மா, இந்த விளையாட்டை உருவாக்கியவரின் பெயர் இது" என்றார். அன்று தொடங்கியது எனக்கு இந்த ஈடுபாடு. அந்தப் பெயர் எப்படி அந்தப் பெட்டியின் மேல் ஏறியது, அதற்கு ஒரு பரிசு எவ்வாறு துணை நின்றது என்பதை இங்கே காண்போம்.

எது நவீனப் பலகை விளையாட்டு?

பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், தாயம், சதுரங்கம் ஆகியவை நமக்குப் பழக்கமானவை. இவற்றை உருவாக்கியவர் யார் என்று எவரும் கூற முடியாது. நாட்டுப்புறப் பாடல்களைப்போல இவையும் ஊர் முழுவதற்கும் பொதுவானவை. விதிகளும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாக ஜெர்மனி நாட்டில், வேறொரு வகை விளையாட்டு வளர்ந்தது. அதற்குச் சில இலக்கணங்கள் உண்டு. ஒருவரோ இருவரோ அமர்ந்து சிந்தித்து அதனை உருவாக்கியிருப்பர். விதிகள் அச்சிட்ட கையேடாகப் பெட்டிக்குள் இருக்கும். ஆட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். பாதி ஆட்டத்தில் ஒருவர் தோற்று வெளியேறி மற்றவர் ஆடுவதை வேடிக்கை பார்க்கும் நிலை பொதுவாக இராது. இறுதிவரை அனைவரும் ஆடுவர். எதிரியின் காயை வெட்டி வீழ்த்துவதைவிடத் தன்னுடையதைக் கட்டி எழுப்புவதே நோக்கமாக இருக்கும். அதிர்ஷ்டமும் இருக்கும், அறிவுக்கும் வேலை இருக்கும். பத்து வயதுச் சிறுவனும் அவன் தாத்தாவும் ஒரே மேசையில் அமர்ந்து ஆடலாம்.

ஜெர்மன் மொழியில் இத்தகைய விளையாட்டை உருவாக்குபவரைக் குறிக்கும் சொல்லுக்கு 'விளையாட்டு ஆசிரியர்' என்பதே பொருள். நூல் எழுதியவரை எந்தச் சொல்லால் அழைக்கிறார்களோ அதே சொல்லையே இதற்கும் வழங்குகிறார்கள். நூல்களுக்கு மதிப்புரை எழுதுவதுபோல் புதிய விளையாட்டுகளுக்கும் அந்நாட்டு இதழ்கள் மதிப்புரை எழுதின. அவ்வாறு எழுதியவர்களிடமிருந்தே அந்தப் பரிசு பிறந்தது.

ஆண்டின் விளையாட்டு

1978-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் விளையாட்டு விமர்சகர்கள் சிலர் ஒன்றுகூடி ஒரு பரிசை நிறுவ முடிவு செய்தனர். அதற்கு 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' என்று பெயரிட்டனர். 'ஆண்டின் விளையாட்டு' என்பது அதன் பொருள். முதற்பரிசு 1979-இல் வழங்கப்பட்டது. அன்று தொட்டு ஆண்டுதோறும் அது வழங்கப்பட்டு வருகிறது.

இப்பரிசில் நாம் கவனிக்க வேண்டிய செய்திகள் பல உள்ளன. முதலாவது, இதற்குப் பரிசுத்தொகை கிடையாது. வெற்றி பெற்றவருக்கு ஒரு காசும் பரிசாகத் தரப்படுவதில்லை. இரண்டாவது, நடுவர் அனைவரும் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளைச் சேர்ந்த விமர்சகர்கள். விளையாட்டை உருவாக்குபவரோ, அச்சிட்டு விற்பவரோ நடுவர் குழுவில் இடம்பெற முடியாது. மூன்றாவது, எதைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். விளையாட்டின் அடிப்படைக் கருத்து புதியதா, விதிகள் தெளிவாக எழுதப்பட்டுள்ளனவா, பலகையும் அட்டைகளும் பார்த்தவுடன் புரியும்படி அமைந்துள்ளனவா, பொருள்கள் நன்றாகச் செய்யப்பட்டுள்ளனவா என்று பார்க்கிறார்கள். விதிக் கையேட்டின் தெளிவுக்கும் மதிப்பெண் உண்டு என்பது எனக்கு வியப்பைத் தந்தது. கணக்கில் விடை சரியாக இருந்தாலும் படிகள் தெளிவாக இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் அல்லவா? அதுபோன்றதே இது.

பணமில்லாத பரிசுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். சிவப்பு நிறக் காய் ஒன்றைச் சுற்றி வெற்றி மாலை அமைந்த ஒரு சின்னம் உண்டு. வெற்றி பெற்ற விளையாட்டின் பெட்டியில் இச்சின்னத்தை அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்காகப் பதிப்பாளர்தான் பரிசுக் குழுவுக்குக் கட்டணம் செலுத்துகிறார். அந்தக் கட்டணத்தைக் கொண்டே குழு தன் செலவுகளைப் பார்த்துக்கொள்கிறது. இச்சின்னத்தைப் பார்த்து நம்பி வாங்கும் குடும்பங்கள் ஏராளம். சில ஆயிரம் பெட்டிகள் விற்கக்கூடிய விளையாட்டு, சின்னம் கிடைத்த பிறகு சில லட்சம் பெட்டிகள் விற்பதுண்டு.

2001 முதல் குழந்தைகளுக்கான விளையாட்டுக்குத் தனிப்பரிசும், 2011 முதல் சற்றுப் பழகியவர்களுக்கான கடினமான விளையாட்டுக்குத் தனிப்பரிசும் வழங்கப்படுகின்றன. இவையன்றி, 1990-இல் தொடங்கிய 'ஜெர்மன் விளையாட்டுப் பரிசு' என்று வேறொன்றும் உள்ளது. அதில் ஆடுவோரின் வாக்குகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அந்நாட்டின் எஸ்ஸன் நகரில் 1983 முதல் நடந்துவரும் விளையாட்டுக் கண்காட்சியோடு அப்பரிசு தொடர்புடையது. 2019-இல் அக்கண்காட்சிக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

முயலும் ஆமையும்

1979-இல் முதற்பரிசு பெற்ற விளையாட்டின் பெயர் 'முயலும் ஆமையும்'. இதனை உருவாக்கியவர் டேவிட் பார்லெட் என்ற ஆங்கிலேயர். மொழியாசிரியராகப் பணியாற்றியவர். ஜெர்மன் பரிசு என்றாலும் முதற்பரிசே அயல்நாட்டவருக்குச் சென்றது நடுவர்களின் நேர்மையைக் காட்டுகிறது எனலாம்.

இது ஓர் ஓட்டப்பந்தய விளையாட்டு. ஆனால் இதில் தாயக்கட்டை கிடையாது. ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் அறுபத்துச் சொச்சம் கேரட் அட்டைகள் இருக்கும். முன்னே நகர வேண்டுமானால் கேரட்டைக் கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் நகர 1 கேரட். இரண்டு கட்டம் நகர 1+2, அதாவது 3 கேரட். மூன்று கட்டத்துக்கு 1+2+3, அதாவது 6. இவ்வாறு 1, 3, 6, 10, 15 என்று செலவு வளரும். கணித மாணவர்களுக்கு இவை பழைய நண்பர்கள், முக்கோண எண்கள். கட்டங்களின் எண்ணிக்கையை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் செலவு கிடைத்துவிடும்.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒருத்தி ஒரே தாவலில் 10 கட்டம் தாவுகிறாள். அவளுக்குச் செலவு 55 கேரட். இன்னொருத்தி அதே தொலைவை ஐந்து ஐந்தாக இரண்டு முறையில் கடக்கிறாள். அவளுக்குச் செலவு 15+15, அதாவது 30. மற்றொருத்தி ஒவ்வொரு கட்டமாகப் பத்து முறையில் கடந்தால் 10 கேரட் போதும். முயலைப்போல் தாவினால் கேரட் தீர்ந்துவிடும்; ஆமையைப்போல் ஊர்ந்தால் மற்றவர் முந்திவிடுவர். கேரட் தீர்ந்தவர் பின்னோக்கி ஆமைக் கட்டத்துக்குச் சென்றால், பின்வாங்கிய ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 கேரட் பெறலாம். பின்வாங்குவதும் ஆட்டத்தில் ஒரு திட்டமாகிவிடுகிறது. இறுதிக் கட்டத்தை அடையும்போது கையில் கேரட்டை அதிகமாகக் குவித்து வைத்திருக்கவும் கூடாது.

முயல் ஆமைக் கதையை நாம் மூன்றாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அக்கதையின் நீதியை ஒரு சொல்லும் கூறாமல், ஓர் எண்தொடரைக் கொண்டே ஆடுபவருக்கு உணர்த்திவிட்டார் பார்லெட். விளையாட்டையும் ஒரு படைப்பு என்று கூறலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

கட்டான் தீவு

இனி எங்கள் வகுப்புக்கு வந்த விளையாட்டுக்கு வருவோம். கிளவுஸ் டாய்பர் 1952-இல் பிறந்தவர். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரையடுத்த பகுதியில் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் தொழில் செய்துவந்தார். பகலெல்லாம் பல் செய்யும் வேலை. மாலையில் வீட்டில் அமர்ந்து விளையாட்டு செய்யும் வேலை. செய்த விளையாட்டை மனைவியையும் பிள்ளைகளையும் ஆடவைத்துப் பார்த்து, பிழைகளைத் திருத்துவார். 1988, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவருடைய விளையாட்டுகள் 'ஆண்டின் விளையாட்டு'ப் பரிசைப் பெற்றன. ஆயினும் அவர் தொழிலை விடவில்லை. 1995-இல் 'கட்டான்' நான்காவது பரிசைப் பெற்றுத் தந்தது. அதன் பிறகு, 1990-களின் இறுதியில்தான் பல் செய்யும் தொழிலை விட்டு முழுநேர விளையாட்டு ஆசிரியரானார். 2023-இல் அவர் மறைந்தபோது கட்டான் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்து, 3 கோடிக்கும் அதிகமான பெட்டிகள் விற்றிருந்தன.

கட்டான் என்பது கற்பனைத் தீவு ஒன்றின் பெயர். பத்தொன்பது அறுகோண அட்டைகளைச் சேர்த்து வைத்தால் தீவு உருவாகும். காடு 4, மேய்ச்சல் நிலம் 4, வயல் 4, செம்மண் மேடு 3, மலை 3, பாலை 1. காட்டில் மரமும், மேய்ச்சல் நிலத்தில் கம்பளியும், வயலில் தானியமும், மேட்டில் செங்கல்லும், மலையில் தாதுவும் கிடைக்கும். பாலையில் ஒன்றும் கிடைக்காது. அட்டைகளைக் கலைத்து வைப்பதால் ஒவ்வொரு முறையும் புதிய தீவு.

பாலை நீங்கலாக மற்றப் பதினெட்டு நிலங்களின் மேலும் ஒவ்வோர் எண் வில்லை வைக்கப்படும். ஆடுபவர் தம் முறை வரும்போது இரண்டு பகடைகளை உருட்டுவார். கூட்டுத்தொகை எந்த எண்ணோ அந்த எண்ணுடைய நிலம் விளையும். அந்நிலத்தின் மூலையில் வீடு கட்டியிருப்பவர் அனைவரும் விளைச்சலைப் பெறுவர். தாயத்தில் உருட்டியவருக்கு மட்டுமே பலன். இங்கோ எதிரி உருட்டினாலும் என் வயல் விளையும். எனவே மற்றவர் ஆடும்போதும் யாரும் சும்மா இருப்பதில்லை.

இங்கேதான் நிகழ்தகவு வருகிறது. இரண்டு பகடைகள் விழும் வகைகள் மொத்தம் 36. அவற்றில் கூட்டுத்தொகை 2 வருவது ஒரே வகையில். 12 வருவதும் ஒரே வகையில். 3 இரண்டு வகையில், 4 மூன்று வகையில், 5 நான்கு வகையில், 6 ஐந்து வகையில் வரும். 7 ஆறு வகையில் வரும். 8 முதல் மீண்டும் ஐந்து, நான்கு என்று இறங்கும். 6, 8, 5 ஆகிய மூன்று நிலங்கள் சந்திக்கும் மூலையில் வீடு கட்டினால், 36-இல் 14 வகைகளில் விளைச்சல் உண்டு. 2, 12, 3 சந்திக்கும் மூலையில் கட்டினால் 36-இல் 4 வகைகளில் மட்டுமே. எண் வில்லையிலேயே அதற்குரிய வகைகளின் எண்ணிக்கை சிறு புள்ளிகளாக அச்சிடப்பட்டிருப்பதால், கணக்கு அறியாதவரும் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கலாம். அதிகம் விழக்கூடிய 7-க்கு நிலமே கிடையாது. அது விழுந்தால் கள்வன் வருவான். ஏழுக்கு மேல் அட்டை சேர்த்து வைத்திருப்பவர் அதில் பாதியை இழப்பார்.

ஒரு வீடு கட்ட மரம், செங்கல், கம்பளி, தானியம் ஆகியவற்றில் ஒவ்வொன்று வேண்டும். எல்லாம் ஒருவரிடமே இருப்பது அரிது. ஆகவே "என்னிடம் கம்பளி இருக்கிறது, செங்கல் யாரிடம் உண்டு?" என்று பேரம் பேசியே தீர வேண்டும். எதிராளி இல்லாமல் என்னால் வளர முடியாது. அவரை வளரவிட்டால் நான் வெல்ல முடியாது. முதலில் பத்துப் புள்ளி சேர்த்தவர் வென்றவர்.

பெயருக்கான போராட்டம்

நம் ஊர்க் கடைகளில் 'பிசினஸ்' என்ற பெயரில் ஒரு விளையாட்டு கிடைக்கும். நகரங்களை வாங்கி, வீடு கட்டி, வாடகை வசூலிக்கும் ஆட்டம். அமெரிக்காவின் 'மொனாப்பலி' என்ற விளையாட்டைப் பின்பற்றியது அது. மொனாப்பலியைச் சார்லஸ் டாரோ என்பவர் தனியாகக் கண்டுபிடித்தார் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவரிடமிருந்து அதை வாங்கியது. அவர் பெருஞ்செல்வர் ஆனார்.

ஆனால் உண்மை வேறு. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 'நிலக்கிழார் விளையாட்டு' என்ற ஒன்றை உருவாக்கி 1904-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். நிலம் சிலர் கையில் குவிவதால் மற்றவர் எவ்வாறு ஏழையாகின்றனர் என்பதை மக்களுக்குப் புரியவைப்பதே அவர் நோக்கம். அந்த விளையாட்டு கைமாறிக் கைமாறி, வீட்டுக்கு வீடு பலகை வரைந்து ஆடப்பட்டு, இறுதியில் டாரோவின் பெயரில் கடைக்கு வந்தது. மேகியின் காப்புரிமையைப் பார்க்கர் பிரதர்ஸ் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் அவருக்குப் பங்கு இல்லை. 1948-இல் அவர் இறந்தார். 1970-களில் ரால்ப் ஆன்ஸ்பாக் என்ற பொருளியல் பேராசிரியர், தாம் வெளியிட்ட வேறொரு விளையாட்டின் பொருட்டு நடத்த நேர்ந்த வழக்கின்போதுதான் மேகியின் வரலாறு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

ஜெர்மனியிலும் தொடக்கத்தில் பல பெட்டிகளில் ஆசிரியர் பெயர் இடம்பெறவில்லை. 1988-இல் நியூரம்பெர்க் நகரப் பொம்மைக் கண்காட்சிக்கு வந்திருந்த விளையாட்டு ஆசிரியர்கள் பதின்மூவர் ஒன்றுகூடினர். பெட்டியின் மேற்புறத்தில் தம் பெயரை அச்சிடாத எந்தப் பதிப்பாளருக்கும் இனி விளையாட்டு தருவதில்லை என்று தீர்மானித்தனர். எழுதுவதற்குத் தாள் தேடவில்லை. மதுக்கோப்பையின் அடியில் வைக்கும் அட்டை ஒன்றில் எழுதிக் கையெழுத்திட்டனர். அந்தச் சிறிய அட்டை வரலாறு ஆயிற்று. 1991-இல் விளையாட்டு ஆசிரியர்களுக்கென்று ஒரு சங்கமும் அமைந்தது.

பரிசுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆண்டுதோறும் நடுவர் குழு ஒரு விளையாட்டைத் தேர்ந்து, அதை ஒரு படைப்பாக மதித்து, இன்ன சிறப்புகள் இதில் உள்ளன என்று எடுத்துக்கூறும்போது, "இதைப் படைத்தவர் யார்?" என்ற கேள்வி தானே எழும். பரிசு அந்தக் கேள்வியை எழுப்பியது; பதின்மூவரும் அதற்கு விடையைப் பெட்டியின் மேல் எழுதச் செய்தனர். நான் எங்கள் வகுப்பில் பார்த்த பெயருக்குப் பின்னே இத்தனை செய்தி இருந்தது.

எங்கிருந்தும் வருகிறார்கள்

பெயர் தெரிந்ததால் அவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரிகிறது. 2001-இல் 'கார்க்கசோன்' என்ற விளையாட்டுக்குப் பரிசு பெற்ற கிளவுஸ்-யூர்கன் வ்ரேடே ஓர் இசையாசிரியர். பிரான்சு நாட்டின் கோட்டை நகரமான கார்க்கசோனைப் பார்த்துவிட்டு வந்தபின் 72 சதுர அட்டைகளால் கோட்டையும் சாலையும் அமைக்கும் அந்த விளையாட்டை உருவாக்கினார். 2008-இல் பரிசு பெற்ற ரைனர் நிட்சியா கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர். அவருடைய விளையாட்டுகள் 600-க்கும் மேல் வெளிவந்துள்ளன. அதே 2008-இல் குழந்தைகள் பரிசும் அவருக்கே கிடைத்தது. கணிதம் படித்தால் ஆசிரியர் வேலை, வங்கி வேலை ஆகிய இரண்டே உண்டு என்று எண்ணும் நாம் இதனைக் கவனிக்க வேண்டும்.

எலிசபெத் ஹார்கிரேவ் என்ற அமெரிக்கப் பெண்மணி பொதுநலத் துறையில் ஆய்வுப் பணி செய்தவர். பறவைகளை நோக்குவதில் விருப்பமுடையவர். 170 பறவைகளைப் பற்றிய உண்மைச் செய்திகளை 170 அட்டைகளில் அமைத்து 'விங்ஸ்பான்' என்ற விளையாட்டை உருவாக்கினார். 2019-இல் பழகியவர்களுக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. அப்பெட்டியில் அவர் பெயர் இருக்கிறது. எலிசபெத் மேகிக்குக் கிடைக்காதது எலிசபெத் ஹார்கிரேவுக்குக் கிடைத்திருக்கிறது.

அண்மைக்காலத்தில் இன்னொரு மாறுதலும் தெரிகிறது. அனைவரும் ஓரணியாகச் சேர்ந்து, ஒன்றாக வெல்லவோ ஒன்றாகத் தோற்கவோ செய்யும் விளையாட்டுகள் பரிசு பெறுகின்றன. 2013-இல் பரிசு பெற்ற 'ஹனாபி'யில் நம் சீட்டுகளை நாமே பார்க்கக் கூடாது. மற்றவர் தரும் குறிப்பை நம்பியே ஆட வேண்டும். 2024-இல் பரிசு பெற்ற 'ஸ்கை டீம்' விளையாட்டில் இருவர் விமானியும் துணை விமானியுமாகி விமானத்தைத் தரையிறக்க வேண்டும்.

குறைகளும் உண்டு

நிறைகளை மட்டும் கூறிக் குறைகளை விட்டுவிடுதல் ஆய்வுக்கு அழகன்று. பரிசு குடும்பங்களை மனத்திற்கொண்டு தரப்படுவதால், ஆழமான விளையாட்டுகள் சிலசமயம் பின்தங்கின. 2002-இல் 'புவெர்ட்டோ ரீக்கோ' என்ற விளையாட்டு இறுதிப் பட்டியல்வரை வந்தும், கட்டைகளை அடுக்கும் 'வில்லா பலெட்டி'யிடம் பரிசை இழந்தது. ஆடுவோர் வாக்களிக்கும் ஜெர்மன் விளையாட்டுப் பரிசோ அவ்வாண்டு புவெர்ட்டோ ரீக்கோவுக்கே கிடைத்தது. பழகியவர்களுக்கென 2011-இல் தனிப்பரிசு வந்ததை இத்தகைய குறையைத் தீர்க்கும் வழியாகக் கொள்ளலாம்.

அந்த விளையாட்டின் மீது வேறொரு குறையும் கூறப்பட்டது. காலனித் தோட்டங்களில் உழைக்கும் மக்களைப் பழுப்பு நிற வில்லைகளாகக் காட்டி, அடிமைமுறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டது என்று பலர் கண்டித்தனர். 2022-இல் வந்த புதிய பதிப்பு அதனை அடிமைமுறை ஒழிந்த பின்னான 1897-ஆம் ஆண்டுக்கு மாற்றி அமைத்தது. காலனி ஆட்சியில் இருந்த நாட்டில் பிறந்த நமக்கு இக்கண்டனத்தின் நியாயம் எளிதில் விளங்கும். மேலும், இப்பெட்டிகளின் விலை நம் நாட்டில் சில ஆயிரம் ரூபாய். என் போன்ற மாணவியர்க்கு அது கைக்கு எட்டாத விலை.

எங்கள் வீட்டுக் கட்டான்

விலை எட்டவில்லையே என்று நான் விட்டுவிடவில்லை. பேராசிரியரிடம் விதிக் கையேட்டை இரவல் வாங்கிப் படித்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டையைச் சேர்த்தேன். கவராயத்தால் வட்டம் வரைந்து, அதே ஆரத்தால் ஆறு முறை வெட்டினால் அறுகோணம் வந்துவிடும் அல்லவா? பத்தொன்பது அறுகோணங்களை வெட்டி வண்ணம் தீட்டினேன். புளியங்கொட்டையும் சோழியும் வீடுகளும் நகரங்களும் ஆயின.

சென்ற ஐப்பசியில் அடைமழை. அப்பாவுக்கு நான்கு நாள் வேலையில்லை. தம்பியும் நானும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தாமும் வந்து உட்கார்ந்தார். "வீடு கட்ட மரம், செங்கல் சரி. கம்பளி எதுக்கும்மா? சிமெண்ட்டு எங்கே?" என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் இரண்டே சுற்றில், "செங்கல் மேடு மூணுதானே இருக்கு? அப்போ செங்கல்லுக்குத்தான் கிராக்கி" என்று சொல்லி, 8-ஆம் எண் மேட்டின் மூலையில் முதலில் புளியங்கொட்டையை வைத்தார். நான் புள்ளிகளைக் கூட்டிக் கண்டுபிடித்ததை அவர் பார்வையாலேயே கண்டுகொண்டார். அன்று ஒரு செங்கல்லுக்கு எங்களிடம் இரண்டு தானியம் வாங்கினார். வென்றது தம்பிதான். அப்பா இரண்டாவது. நான் கடைசி.

ஆட்டம் முடிந்ததும், "இதை யாரும்மா கண்டுபிடிச்சது?" என்றார். செயற்கைப் பல் செய்துகொண்டிருந்த ஒருவர் என்றேன். பெட்டியின் முகப்பில் அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அப்பா சிறிது நேரம் அந்த அட்டைத் தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். "செஞ்சவன் பேரையா?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்றேன். "அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அட்டைகளை ஈரம் படாமல் எடுத்து அடுக்கி, பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டி அன்று தண்ணீர் ஊற்றவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பலகை விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதும், அதில் கணிதமும் வரலாறும் மனிதர் பழகும் முறையும் அடங்கியுள்ளன என்பதும் விளங்கும். நல்ல பரிசு என்பது பணத்தால் பெரிதாவதில்லை. அளவுகோலை வெளிப்படையாகச் சொல்லி, வேலையைப் பார்த்து மதித்து, செய்தவரின் பெயரை ஊரறியச் சொல்வதே பரிசின் பெருமை.

நம் கல்லூரியில் கவிதைப் போட்டி, பேச்சுப் போட்டி, கோலப் போட்டி ஆண்டுதோறும் நடக்கின்றன. அவற்றோடு, சொந்தமாகப் பலகை விளையாட்டு உருவாக்கும் போட்டி ஒன்றையும் வைத்தால் என்ன? ஓர் அட்டை, சில காய்கள், ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிய விதி. செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. விதியைப் படித்து எவர் உதவியுமின்றி நால்வர் ஆட முடிந்தால் அது தேறிவிட்டது என்று கொள்ளலாம்.

நானும் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். வாணம் தோண்டுவதிலிருந்து தளம் போடுவதுவரை வீடு கட்டும் விளையாட்டு. மழை வந்தால் எத்தனை நாள் வேலை நிற்கும், எந்தச் சுவர் முதலில் எழும்ப வேண்டும் என்பதையெல்லாம் அப்பா சொல்ல, நான் எழுதிக்கொள்கிறேன். சிமெண்ட்டுக்கும் அதில் அட்டை உண்டு. அது முடிந்ததும் பெட்டியின் மேற்புறத்தில் இரண்டு பெயர்களை எழுதுவேன். ஒன்று என்னுடையது, மற்றொன்று என் அப்பாவுடையது.